பேர் வெட்டிய பாத்திரங்கள்

“டிவில பானையக் காட்டுறானே, அந்த ஊருக்கு என்னைய ஒருநா கூட்டிட்டுப் போ” என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோழவந்தானிலிருந்து கீழடி ஒன்றும் தொலைதூரமில்லை. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு வருகிற வைகைதான் மதுரைக்குள் நுழைந்து, வெளியேறி, சிலைமானைத் தாண்டிக் கீழடிப் பக்கம் போகிறது. ஆனாலும் அறுபதைக் கடந்த அம்மா மதுரைக்குக் கிழக்கே போனது எண்ணி நாலு தடவைதான் இருக்கும். அதில் மூன்று துக்க வீடு.

ஒரு சனிக்கிழமை காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த டவுன் பஸ்ஸில் ஏறி, பெண்களுக்கான காசில்லாத டிக்கெட்டை வாங்கி அம்மா சுருக்குப்பையில் பத்திரப்படுத்தினாள். 2021-ல் இந்தத் திட்டம் வந்ததிலிருந்து ஒரு டிக்கெட்டைக்கூட அவள் தூர எறிந்ததில்லை. “கணக்கு கேட்டா காட்டணும்ல” என்பாள். யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. வீட்டைவிட்டு வெளியே போகிற ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்குக் கணக்குச் சொல்லியே வாழ்ந்தவள் அவள்.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ம் தேதி திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் தூணும் முற்றமும் ஓடுமாகக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்த அம்மா, “கல்யாண வீடு மாதிரில்ல இருக்கு, செருப்பக் கழட்டணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இருந்தாலும் அவள் நடை மாறிவிட்டது. பெரிய வீட்டுக்குள் வேலைக்குப் போகிறவளின் நடை, சுவரோரமாக.

வெளியே நிழலில் நின்றபோது அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். வைகைக் கரையை ஒட்டி 293 இடங்களில் பழைய ஊர்களின் தடயங்களை இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு கண்டது. அவற்றில் ஒன்றான கீழடியின் பள்ளிச்சந்தைத் திடலில், தென்னந்தோப்புக்கு அடியில், 2014-15-ல் அகழாய்வு தொடங்கியது. மூன்று கட்டங்களுக்குப் பிறகு 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தோண்டியது. நான்காம் கட்டத்தில் மட்டும் 5,820 பொருட்கள் கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்காவில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தபோது, அது கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று முடிவு வந்தது. 2019-ல் அந்த அறிக்கை வெளியான அன்று நான் அழுதிருக்கிறேன். கீழடி மேல் எனக்கு இருக்கிற பெருமை வாடகைப் பெருமை இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இனி எழுதப்போவது அந்தப் பெருமைக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்விகள்.

அம்மாவுக்குக் கி.மு. விளங்கவில்லை. “மீனாச்சி கோயிலுக்கு முன்னாடியா?” என்றாள். “அதுக்கும் ரொம்ப முன்னாடி” என்றேன். அது போதுமாக இருந்தது.

உள்ளே அவள் முதலில் நின்றது வட்டச் சில்லுகளுக்கு முன்னால். உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள். கீழடியில் இவை நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கண்ணாடிக்குள் வரிசையாக அடுக்கி, மேலே விளக்கும் போட்டிருந்தார்கள்.

“இது பாண்டி வெளாடுற சில்லுல்ல? இதுக்கு எதுக்குடி கண்ணாடிப் பொட்டி? நம்ம கொல்லையத் தோண்டுனா கூடை கூடையா எடுக்கலாமே.”

சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா கண்ணாடியின் மேல் விரலை வைத்து, எந்தச் சில்லு கட்டத்துக்குள் சரியாக விழும், எது உருண்டு கோட்டுக்கு மேல் போய்விடும் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஓரம் நன்றாகத் தேய்ந்தது நல்ல சில்லாம். நல்ல சில்லை யாருக்கும் தராமல் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தாளாம். “எப்பம்மா வெளாடுறத விட்ட?” என்று கேட்டேன். “சடங்கான அன்னைக்கு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கண்ணாடிக்குள் இருந்த சில்லுகளை மறுபடி பார்த்தேன். தேய்த்தவள் யார், எந்த வயதில் விட்டாள், எங்கே ஒளித்துவைத்தாள் என்பதை மண் சொல்லாது. விளையாடினார்கள் என்று மட்டும் சொல்லும்.

அடுத்தது தக்களிகள். நூல் நூற்கப் பயன்பட்டவை. கூடவே கூர் சீவிய எலும்பு முனைகள், தறியில் தொங்கவிடும் கற்கள், செப்பு ஊசி. நூல் நூற்பதிலிருந்து துணியில் கோலம் போடுவதுவரை நெசவின் பல படிகளுக்கான கருவிகள் கீழடியில் இருந்தன என்று ஆய்வறிக்கை சொல்கிறது. அதை நாம் ‘நெசவுத் தொழில்’ என்கிறோம். தொழில் என்ற சொல் வந்ததும் நம் மனதில் ஒரு ஆண் எழுந்து நின்றுவிடுகிறான். ஆனால் சங்கப் பாடல்களில் நூல் நூற்கிறவர்கள் பெண்கள். அதிலும் ஆண் துணை இல்லாதவர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பஞ்சோடு மல்லுக்கட்டுகிறார்கள். இரவில் விளக்கு வைத்துக்கொண்டு செய்த அந்த வேலை இல்லாமல் பகலில் ஓடிய தறி இல்லை. இருந்தும் கீழடியை யாராவது மேடையில் பேசும்போது ‘நெசவாளன்’, ‘வணிகன்’, ‘குயவன்’ என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அம்மா ஒரு தக்களியைக் காட்டி, “இதப் புடிச்சவளுக்கு இந்த எடம் காச்சுப் போயிருக்கும்” என்று தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினாள். அவளுடைய விரல்களில் வேறு மாதிரியான தழும்பு இருக்கிறது. முப்பது வருடம் வெற்றிலை அடுக்கிய விரல்கள். நூறு இலை ஒரு கவுளி. எண்ணாமலே கை நூறில் நிற்கும்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழடி அருங்காட்சியகம் திறந்த அதே வருடம். ஊரே சந்தோஷப்பட்டது, அம்மாவும்தான். ஆனால் அம்மா கொடிக்காலில் வேலை பார்த்த காலமெல்லாம், மாதத்தில் மூன்று நாள் அதற்குள் காலடி வைக்கக் கூடாது. தீட்டுப் பட்டால் கொடி வாடிவிடும் என்பார்கள். கொடிக்கால் லட்சுமி குடியிருக்கிற இடம், செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நுழைய முடியாது. அந்த மூன்று நாளும் கூலி கிடையாது. வருடத்துக்கு 36 நாள். பொய் சொல்லிப் போகலாமே என்று ஒருமுறை கேட்டதற்கு, “பொய் சொல்லிட்டுப் போயி, தற்செயலாக் கொடி வாடுனாலும் என் தலைலதான விழும்?” என்றாள். வெயிலுக்கும் மழைக்கும் நோய்க்கும் வாடுகிற கொடி அது. அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டியவள் பெண்.

அடுத்து எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். என்னைக் கீழடியோடு கட்டிப்போட்டவை இவைதான். நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 56 ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் கிடைத்தன. பெரும்பாலும் பானையின் கழுத்தை ஒட்டிய பகுதியில் கீறியிருக்கிறார்கள். ஒரே கையெழுத்து அல்ல, பல கைகள். அதனால்தான் அரசனும் புலவனும் மட்டுமல்லாமல் சாதாரண மக்களும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்று சொல்கிறார்கள். ஆதன், குவிரன் என்ற பெயர்களை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா கேட்டாள்: “பானை பொம்பள புழங்குறது. அதுல ஏன் ஆம்பள பேரு?”

என்னிடம் பதில் இல்லை. நான் வாசித்த பெயர்களெல்லாம் ‘அன்’ என்றுதான் முடிந்தன. அவற்றில் சிலவற்றைப் பெண்களே கீறியிருக்கலாம், தன் பெயரை அல்ல, வீட்டு ஆணின் பெயரை. அல்லது அந்தப் பானைகள் சரக்குப் பானைகளாக இருக்கலாம். ஓடு அதையெல்லாம் சொல்வதில்லை. சங்கப் புலவர்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் உண்டு என்று அம்மாவிடம் சொன்னேன். “பாட்டுக் கட்டுனவளுக்குப் பேரு இருக்கும், சோறாக்குனவளுக்கு?” என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்: “நம்ம வீட்டு ஏனத்துலயும் அப்படித்தான இருக்கு.”

உண்மைதான். எங்கள் வீட்டில் எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த குடத்தில் தாத்தாவின் பெயர். அண்டாவில் பெரிய மாமாவின் பெயர். தாம்பாளத்தில் அப்பாவின் பெயர். தாம்பாளம் மட்டும் அம்மா கொடிக்கால் கூலியில் சீட்டுப் போட்டு வாங்கியது. கடைக்காரர் “யார் பேர் போடணும்?” என்று கேட்டாராம். அவர் கேட்டதே வீட்டுக்காரர் பெயரைத்தான் என்று இவளே எடுத்துக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அடகுக்குப் போனதும் மீண்டதும், தேய்த்ததும் கவிழ்த்ததும் அம்மா. இரண்டாயிரம் வருடம் கழித்து யாராவது எங்கள் கொல்லையைத் தோண்டினால், அந்த வீட்டில் தாத்தாவும் மாமாவும் அப்பாவும் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்றுதான் அறிக்கை எழுதுவார்கள்.

அம்மாவுக்குத் தன் பெயரை எழுதவே முப்பது வயதில்தான் தெரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் தெருவுக்கு வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு, தெருவிளக்குக்குக் கீழே, வேலை முடித்த பெண்கள் சிலேட்டோடு உட்காருவார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தூங்குவேன். அங்கே அம்மா முதலில் படித்த சொல் ‘அம்மா’ இல்லை, ‘ஆடு’ இல்லை. ‘பட்டா’. பாடத்திட்டத்தை எழுதியவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நிலமில்லாதவர்களுக்கும் நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கும் முதலில் தெரிய வேண்டிய சொல் அதுதான் என்று.

இரண்டு வருடத்தில் தாத்தா இறந்தார். அவர் சம்பாதித்து வாங்கிய அரை ஏக்கர் கொடிக்கால் இருந்தது. காரியம் முடிந்த மாதம் மாமாக்கள் வந்து அம்மாவைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். புதுச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். விடுதலைப் பத்திரம். அம்மா ரேகை வைக்கவில்லை. தெருவிளக்கில் கற்றுக்கொண்ட எழுத்தில், ஒவ்வொன்றாகக் கோர்த்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் பாராட்டினாராம். ‘பட்டா’வில் தொடங்கிய படிப்பு அங்கே போய் முடிந்தது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கியது. இத்தனையும் ஏட்டில் இருக்க, எங்கள் வீட்டில் அம்மாவிடம் சொன்னது “உனக்குப் பங்கு கெடையாது, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கையெழுத்து” என்றுதான். பங்கு இல்லாதவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. இது எனக்கு விளங்கவே சட்டப் புத்தகம் ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு யாரும் சொல்லவேயில்லை.

நாங்கள் பார்த்த கடைசி விஷயம் என் போனில் இருந்தது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழிகளில் புதைத்த இடுகாடு இருக்கிறது. அங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து கணினியில் முகங்களை உருவாக்கினார்கள். 2025-ல் அந்தப் படங்கள் வெளிவந்தன. அவற்றைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “நம்ம ஆளுகளாட்டம்தான் இருக்காங்க. பொம்பளைக படம் எங்க?” என்றாள். இரண்டு பேரும் ஆண்கள். மண்ணுக்குள் எந்த எலும்பு கெடாமல் இருக்கிறதோ அதை வைத்துத்தான் செய்ய முடியும் என்று விளக்கினேன். இதில் யாரும் சதி செய்யவில்லை. ஆனாலும் இன்று ‘கீழடிக்காரர்’ என்று தேடினால் நமக்குக் கிடைப்பது இரண்டு ஆண் முகங்கள். பாடப் புத்தகத்தில் இடம்பிடிக்கப்போவதும் அவைதான்.

அந்தக் குழிகளில் மண்ணை அள்ளிச் சுமந்தவர்களில் உள்ளூர்ப் பெண்களும் உண்டு. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிற அவர்களைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருக்கிறேன். படத்துக்குக் கீழே ‘தொழிலாளர்கள்’ என்று இருக்கும். எந்த ஓடு யார் கையில் முதலில் தட்டுப்பட்டது என்று தேடினாலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியே மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தோம். அம்மா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: “தம்பி கேட்டதுக்கு என்ன சொன்ன?”

அப்பா பெயரில் இருக்கிற வீட்டை என் தம்பி தன் பெயருக்கு மாற்றக் கேட்டு இரண்டு மாதமாகிறது. அம்மாவும் நானும் விடுதலை எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பி கெட்டவன் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். நான் வேலையில் இருக்கிறேன், எனக்கு எதற்கு வீடு என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். நானே கேட்டுக்கொள்கிறேன். பெண்ணியம் பேசுகிற நான், இந்த ஒரு கையெழுத்தைப் போடாவிட்டால் பொங்கலுக்குப் போய் நிற்க ஒரு வாசல் இருக்காதே என்று பயந்து, “யோசிச்சுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

“நான் போட்டேன்னு நீயும் போடணும்னு இல்ல” என்றாள் அம்மா. “எங்கண்ணனுக வருசா வருசம் பொங்கச்சீரு கொண்டாந்தாங்க. ஒரு சேல, அஞ்சு கிலோ பச்சரிசி, கரும்பு. நானும் அதுல பூரிச்சுப் போனேன். அதே கொடிக்கால்ல கூலிக்கு வெத்தல அடுக்கிட்டு, தூரமான அன்னைக்கு வெளிய நின்னேன் பாரு, அத மட்டும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

எனக்கும் அன்றுதான் தெரியும். அவள் வேலை பார்த்த கொடிக்கால்களில் ஒன்று, அவள் எழுதிக் கொடுத்த கொடிக்கால்.

திரும்பும்போது மதுரையில் இறங்கி வெண்கலக்கடைத் தெருவுக்குப் போகணும் என்றாள். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயை வங்கியிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒரு சொம்பு வாங்கினாள். பேர் வெட்டுகிற பையன் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, “யாரு பேரு போடணும் பாட்டி?” என்றான்.

“என் பேருதான்.”

“இனிஷியல்?”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தாத்தாவின் எழுத்து, பின்னால் அப்பாவின் எழுத்து. “அங்க பானைல இனிசியல் இருந்துச்சா?” என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப வேணாம். வெறும் பேரு போடு.”

மெஷின் கிர்ரென்று ஓடியது. எழுத்துகள் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தன. அம்மா முந்தானையால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்து, ‘துணைக்கால் விட்டுப்போச்சே’ என்று பையனிடம் காட்டி அதையும் போடவைத்தாள்.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவும் போடவில்லை. தம்பி மூன்று மாதமாக எனக்குப் போன் செய்வதில்லை. அம்மாவிடம் பேசுகிறான், ஆனால் கேட்டதற்கு மட்டும். ராத்திரி சாப்பாட்டை மருமகள்தான் கொண்டுவந்து வைக்கிறாளாம். “வெக்கிறா, ஆனா நின்னு பேசுறதில்ல” என்று சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்குகிறது. இது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. நியாயத்தின் பக்கம் நிற்பது நிம்மதியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கட்டுரையில் அம்மாவின் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். “புஸ்தகத்துலயெல்லாம் வேணாம்டி, நாலு பேரு படிப்பாங்க. சொம்புல இருக்குல்ல, அது போதும்” என்றாள். சொம்பு சோழவந்தானில், சமையலறை ஜன்னலில், பெயர் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறது.